மாட்டு வண்டியில் வந்த மருத்துவமனை

(இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர், 2007–2011)

மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு போன் வந்தபோது, வழக்கம்போல விடுதி மெஸ் சாம்பாரைப் பத்தியோ, ஒர்க்‌ஷாப்பில் இரும்பை ராவி ராவி உள்ளங்கை பொத்துப் போனதைப் பத்தியோ எழுதிக் கொடுத்துடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதையெல்லாம் என்னைவிட நல்லா எழுதுகிற நண்பர்கள் நம் செட்டிலேயே பலர் இருக்கிறார்கள். அதனால் இந்த முறை நம் கல்லூரிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது, நமக்கும் அவருக்கும் கொஞ்சம் சம்பந்தம் இருக்குன்னு உங்களுக்கும் தோணலாம்.

விடுதியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் நாள் சீனியர்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். கரியாலூர் என்றேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலை ஏறணும் என்று விளக்கினேன். அன்றிலிருந்து நான்கு வருஷமும் கரியாலூர்தான் என் பெயர். மலையில் இருப்பதால் எங்கள் ஜனங்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் கிடையாது என்பதையும் நான்கு வருஷம் விளக்கியிருக்கிறேன்.

படிப்பு முடிந்து நான் சேர்ந்தது, மருத்துவமனைகளில் ஸ்டெரிலைசர், ஜெனரேட்டர், தடுப்பூசிக் குளிர்பெட்டி இவற்றைப் பராமரிக்கிற வேலை. ஊர் ஊராகச் சுற்றுவேன். அந்த நாளில் ஒரு தடவை எங்க சின்னம்மா போன் பண்ணினாங்க. நான் போகிற பெரிய ஆஸ்பத்திரியில் பொம்பள டாக்டர் மட்டும்தான் பார்ப்பாங்களா என்று கேட்டாங்க. யார் டியூட்டியோ அவங்கதான் பார்ப்பாங்க, காசு வேணும்னா அனுப்புறேன் என்றேன். வேணாம்ப்பா, சும்மாதான் கேட்டேன் என்று வைத்துவிட்டாங்க. ஏன் கேட்கிறீங்கன்னு நான் கேட்கவே இல்லை. மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆன பிறகும் அவங்களுக்கு ரத்தப்போக்கு இருந்திருக்கிறது. வயசான காலத்துல வர்றதுதான் என்று யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பு வலி தாங்காமல் கீழே கூட்டிக்கொண்டு போனபோது, கருப்பை வாய்ப் புற்றுநோய் பரவிவிட்டது என்றார்கள். 2016-இல் போய்ச் சேர்ந்தாங்க.

அடுத்த வருஷம் ஒரு வேலையாக வேலூர் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற தெருவுக்கு ஐடா ஸ்கடர் ரோடு என்று பெயர். யார் இந்த அம்மா என்று அன்றைக்குத்தான் விசாரித்தேன். பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தப் போன் கால்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பிடிக்காமல் வந்த ஊர்

ஐடா சோஃபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் மருத்துவராக இருந்தவர். 1819-இல் கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியமும் மதப்பணியும் செய்து, பின்னால் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளில் பலரும் அதே வழியில் வந்தார்கள். ஐடாவின் அப்பா, இன்னொரு ஜான் ஸ்கடர், அவரும் மருத்துவர்தான்.

ஐடா சிறு குழந்தையாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் துடைத்துப் போட்ட பஞ்சம். பசியில் சுருண்டு கிடந்த பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து ரொட்டி கொடுத்த அனுபவம் அந்தக் குழந்தைக்கு இந்தியாவை நேசிக்கக் கற்றுத் தரவில்லை, பயத்தைத்தான் கொடுத்தது. பிறகு அமெரிக்காவுக்குப் போய் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் பெண்கள் பள்ளியில் படித்தார். நல்ல அழகு, நல்ல வேடிக்கைப் பேச்சு, நிறையத் தோழிகள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு சுகமாக இருந்துவிடணும், குடும்பத் தொழில் நமக்கு வேணாம் என்பதுதான் அவர் கணக்கு.

1890-இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. அப்போது பெற்றோர் இருந்தது திண்டிவனத்தில். நம்ம பக்கம்தான், அந்தக் காலத்தில் திண்டிவனமும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். அம்மா தேறியதும் திரும்பிப் போய்விடுவதாகச் சொல்லித்தான் ஐடா வந்தார்.

ஒரே ராத்திரியில் மூன்று பேர்

1890-களின் தொடக்கத்தில் ஒருநாள் இரவு. ஐடா தன் அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டுகிறார். மனைவி சின்னப் பெண், பிரசவம் ஆகாமல் தவிக்கிறாள், வந்து காப்பாற்றணும் என்கிறார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவைக் கூட்டிப் போங்கள் என்கிறார் ஐடா. ஆண் மருத்துவர் பிரசவ அறைக்குள் வரக்கூடாது என்று அந்த இளைஞர் போய்விடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வருகிறார். அதே கோரிக்கை, அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்திலிருந்து ஒருவர். அவரும் அப்படியே திரும்புகிறார்.

ஐடாவுக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம். ஆள் அனுப்பி விசாரிக்கிறார். மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

இந்தக் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது ஒன்றுதான். ஒரு மெஷின் நின்றுபோனால் ஆளைத் திட்டாதே, காரணத்தைத் தேடு என்று நம் லேபில் சொல்லித் தருவார்கள். அந்தப் பெண்களின் கணவர்களை மூடர்கள் என்று சொல்லி ஒதுங்கிவிடுவது ஐடாவுக்கு எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த மூன்று பேருமே மனைவி பிழைக்கணும் என்றுதான் நடு ராத்திரியில் ஓடி வந்தார்கள். கூப்பிட வைத்தியம் தெரிந்த ஒரு பெண் இல்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் அந்தப் பெண்ணாக நாம்தான் ஆகணும் என்று முடிவு செய்தார். விடிந்ததும் அப்பாவிடமும் அம்மாவிடமும் போய், டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

முதலில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை கட்டப் பணம் திரட்டச் சொன்னார்கள். ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக ஒரே ஆளாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்.

வேலூரும் குடியாத்தம் ரோடும்

1900 ஜனவரியில் ஐடா தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். அப்பாவிடம் இருந்து தொழில் கத்துக்கலாம் என்று வந்தவருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. அதே வருஷம் அப்பா காலமானார். வேலூரில் ஒரு சின்ன அறையில் வைத்தியம் தொடங்கினார். சின்ன வயசுப் பொம்பள, என்ன தெரியும் என்று முதலில் ஜனங்கள் தயங்கினார்கள். இரண்டே வருஷத்தில் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்துவிட்டார். 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை திறந்தது. பின்னாளில் அது கண் மருத்துவமனையாகப் பேர் பெற்றது.

சாதாரணமாக இங்கே கதை முடிந்திருக்கணும். கட்டடம் வந்தாச்சு, டாக்டரும் இருக்கார். ஆனால் ஐடாவுக்கு ஒன்று புரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்பவர்களைவிட, வராமல் கிராமத்திலேயே கிடப்பவர்கள் அதிகம். வந்தவர்களும் கடைசிக் கட்டத்தில்தான் வந்தார்கள். அதனால் 1906 வாக்கில் மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பினார். 1909-இல் பிரான்சில் செய்த ஒரு சின்ன பெஜோ கார் வந்தது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் புகையோடு வந்த வண்டியைப் பார்த்து ஜனங்கள் ஓடினார்களாம். பிறகு அதே வண்டிக்காக மரத்தடியில் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

வேலூரிலிருந்து குடியாத்தம் போகிற ரோட்டில் வாரா வாரம் ஒரே நாளில், அதே இடங்களில், அதே மரத்தடியில் வண்டி நிற்கும். கண் நோய், கட்டி, புண், தொழுநோய், கர்ப்பிணிகள் என்று எல்லாரையும் ரோட்டோரத்திலேயே பார்ப்பார்கள். முடியாத கேஸ்களை மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருவார்கள். இதில் மருந்தைவிடப் பெரிய விஷயம், சொன்ன நாளில் வருவது. இந்த வாரம் வாய் திறக்கக் கூச்சப்பட்ட பெண்ணுக்கு, அடுத்த வாரமும் அந்த அம்மா வருவாங்க என்று தெரியும். மூன்றாம் வாரம் அவள் பேசுவாள். மலையில் வளர்ந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: ஒரு தடவை முகாம் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் எங்க ஊர்ப் பெண்கள் எதையும் சொல்ல மாட்டார்கள்.

தான் இல்லாமல் ஓடணும்

ஒரு பெண் டாக்டர் எத்தனை மரத்தடியில் நிற்க முடியும்? 1909-இல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அடுத்து பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைமை அதிகாரிக்கு நம்பிக்கை இல்லை. மூன்று விண்ணப்பம் வந்தாலே அதிர்ஷ்டம் என்பது அவர் எண்ணம். வந்ததோ 151. அதில் 17 பெண்களைச் சேர்த்துக்கொண்டு 1918 ஆகஸ்டில் பள்ளி திறந்தது. நிரந்தரக் கட்டடம் இல்லை, போதிய ஆசிரியர்கள் இல்லை; ஐடாவே பல பாடங்கள் நடத்தினார். மாகாணத்தில் ஆண் மாணவர்களே பெருமளவில் தோற்ற முதல் தேர்வில், எழுதிய இவர் மாணவிகள் அத்தனை பேரும் தேறினார்கள். நம் காலத்து அரியர் பட்டியலை நினைத்துக்கொண்டு படித்தால் இதன் அருமை புரியும்.

பெரிய சோதனை அவருடைய முதுமையில் வந்தது. 1938-இல் சென்னை அரசு பழைய டிப்ளமா படிப்பை நிறுத்தி, பல்கலைக்கழகப் பட்டம்தான் வேணும் என்றது. அதற்கேற்ற கட்டடம், கருவி, பேராசிரியர்கள் எல்லாவற்றுக்கும் பெரும் பணம் தேவை. இல்லாவிட்டால் பள்ளியை மூடணும். 1941-இல், எழுபது வயதைத் தாண்டிய ஐடா அமெரிக்காவுக்குப் போய், உலகப் போருக்கு நடுவே ஊர் ஊராகப் பணம் கேட்டார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு எல்லாத் திருச்சபைகளும் ஒன்றாக நடத்தினால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற நிலை. பெண்களுக்கென்று சொல்லி வாங்கிய பணம் என்று அமெரிக்காவில் பழைய ஆதரவாளர்கள் கொதித்தார்கள். ஆரம்பத்திலிருந்து தோள் கொடுத்த லூசி பீபாடி என்ற தோழியே எதிர்த்தார். தன் வாழ்நாள் முழுக்கப் பெண்களுக்கென்றே கட்டியதை மாற்றுவது ஐடாவுக்கும் எளிதாக இருந்திருக்காது. கடைசியில் கல்லூரி நிலைப்பதே முக்கியம் என்று தீர்மானித்தார். 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

1946-இலேயே பொறுப்பை விட்டிருந்தார். அவருக்குப் பின் தலைமைக்கு வந்தவர்களில் ஒருவர் ஹில்டா லாசரஸ். இந்தியப் பெண், மகப்பேறு மருத்துவர். தன் இடத்தில் இந்த நாட்டுப் பெண் ஒருவர் உட்காருவதை ஐடா கண்ணால் பார்த்தார். கொடைக்கானலில் ஓய்வாக இருந்தார். ஊர் பேர் எதுவும் இல்லாமல், அவர் பெயரையும் இந்தியா என்பதையும் மட்டும் எழுதிய கடிதம் அவரிடம் சரியாக வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள். 1960 மே மாதம், 89-ஆம் வயதில் அங்கேயே காலமானார்.

அவர் போன பிறகும்

அவர் போட்ட அஸ்திவாரத்தின் பலம் அவர் இறந்த பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. அவருடைய அண்ணன் வழியில் வந்த இன்னொரு ஐடா ஸ்கடர், கதிரியக்க மருத்துவர், வேலூரில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சையை வளர்த்தார். 1986-இல் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளை எச்.ஐ.வி. இருக்கிறதா என்று சோதிக்க வேலூருக்குத்தான் கொண்டுபோனார்கள். இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது அப்படித்தான் முதலில் தெரிய வந்தது. தொடக்க நாட்களில் பல இடங்களில் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவே பயந்தார்கள். கிராமத்து மிஷன் மருத்துவமனைகள் சில அவர்களைச் சேர்த்துக்கொண்டன. 2004-இல்தான் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது.

இன்னொன்று, திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் நடந்தது. அங்குள்ள கிறிஸ்தவக் கிராம சுகாதார மையமும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, 2000-ஆம் ஆண்டு தொடங்கி 114 கிராமப் பகுதிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதியில் பரிசோதனை, பாதியில் வழக்கமான சிகிச்சை. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்களே சோதனை செய்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது நம்ம வினிகர் மாதிரியானது, தடவி ஒரு நிமிஷம் பார்ப்பது. கோளாறு இருக்கிற இடம் வெளுத்துக் காட்டும். தேவைப்பட்டால் அந்த இடத்தை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சை. 31,343 பெண்கள் சோதனைக்கு வந்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. வேலூர் அம்மாவின் ரோட்டோர வைத்தியம் சரிதான் என்பதற்குக் கணக்கு கிடைத்தது மாதிரி எனக்குத் தோன்றியது. ஒரு நர்ஸ், ஒரு திரை, ஒரு விளக்கு, சொன்ன தேதி. சாவைக் குறைக்க இது போதும்.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் மற்றவர்கள் 30 வயதில் தொடங்கும் பரிசோதனையை இவர்கள் 25-லேயே தொடங்கணும். கூட்டு மருந்து வாங்க வருகிற நாளிலேயே இந்தச் சோதனையையும் செய்துவிட்டால், மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்ணுக்கு இன்னொரு நாள் கூலியும் போகாது, எங்கே போறேன்னு பக்கத்து வீட்டுக்கு இன்னொரு பொய்யும் சொல்ல வேண்டாம்.

கரியாலூரும் நாமும்

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு இந்தச் சோதனை இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடியே வருகிறார்கள். வசதி இல்லாமல் இல்லை. ஆனால் கூச்சம் இருக்கிறது. சோதனை செய்யப் போவது பெண்தானா, உள்ளே வேறு யாரும் வருவார்களா, வெளியே சொல்லிவிடுவார்களா என்ற கேள்விகள் இருக்கின்றன. திண்டிவனத்தில் அன்றைக்குக் கதவைத் தட்டியவர்களின் கேள்வியும், எங்க சின்னம்மா போனில் என்னிடம் கேட்ட கேள்வியும் ஒன்றுதான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கேள்வி மாறவில்லை. ஐடா பதில் தேடிப் போனார். நான் காசு அனுப்புறேன் என்றேன்.

போன வருஷம் லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பேசினேன். ஆம்பளப் பையன் இதையெல்லாம் பேசுவதா என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாங்க. மறுநாள் அவங்களே அத்தையையும் கூட்டிக்கொண்டு சோதனைக்குப் போனாங்க. உள்ளே இருந்தது நர்ஸ் அம்மா மட்டும்தான். இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினாங்க. திரும்பி வருகிற வழியில் அத்தை தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாங்க. நான் பத்து வருஷம் பேசினாலும் ஆகாத வேலை அது.

நண்பர்களே, நாம் டாக்டர்கள் இல்லை. ஆனால் மின்சாரம் போனால் நின்றுபோகிற கருவிகளும், சிலிண்டர் தீர்ந்தால் முடங்கிப்போகிற சிகிச்சைகளும் நம் வேலைதான். உறைய வைக்கும் சிகிச்சைக்கு மலை மேல் கேஸ் சிலிண்டர் ஏற்றுவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். இப்போது பாட்டரியில் ஓடும், சூட்டால் சிகிச்சை செய்யும் கையடக்கக் கருவிகள் வந்திருக்கின்றன. பிராஜெக்ட் தேடும் இறுதியாண்டுத் தம்பி தங்கைகள் அந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்கள். மற்றவர்கள், சங்கம் அடுத்த முறை மருத்துவ முகாம் நடத்தினால், ஒரு தடவையோடு நிறுத்தாமல் தேதி போட்டுத் திரும்பப் போக ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு முன்னால், இந்தச் சந்திப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும், வீட்டில் இருக்கிற பெண்களிடம் சோதனை செய்துகொண்டார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களாக எதையாவது சுற்றி வளைத்துக் கேட்டால், ஏன் கேட்கிறீங்க என்று திருப்பிக் கேளுங்கள்.